நீலம் மேலே, சிவப்பு கீழே

ஜூலை 1, செவ்வாய்

இந்த டைரி எங்கள் மயிலிறகு ஆப்செட்டிலேயே அச்சாகிக் கழிவில் போனது. ஜூலை மாதம் மட்டும் தலைகீழாக பைண்டிங் ஆகிவிட்டது என்று பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல தாள், வீணாக்க மனம் வரவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆகஸ்டு வந்ததும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

ரத்தினவேல் அண்ணாச்சி இன்று காலை என்னைக் கூப்பிட்டார். அவர்தான் முதலாளி. சிவகாசியில் முப்பது வருடமாகக் காலண்டர் அடிக்கிறார். "போன வருசம் யாரு என்ன செஞ்சாங்கன்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. இந்தத் தடவ எல்லாத்தையும் நோட்டுல எழுதும்மா" என்றார். அலுவலக நோட்டில் எழுதிவிட்டேன். அதில் எழுத முடியாதவற்றுக்கு இந்த டைரி.

விஷயம் இதுதான். சர்வர்களுக்காகப் புதிய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கியாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் அதை ஓடவிட வேண்டும். ஆகஸ்டு ஒன்றாம் தேதி, எல்லாரும் வேலையில் இருக்கும்போது, சர்வர் அறையில் ஏதாவது ஒன்றை அண்ணாச்சி தன் கையால் அணைப்பார். எதை என்று சொல்லமாட்டார். ஒரு கம்ப்யூட்டர்கூட நிற்கக் கூடாது. நின்றால், அடுத்த வாரமே மொத்தப் பொறுப்பும் ஒரு சென்னைக் கம்பெனிக்குப் போகும். எனக்கு டெஸ்பாட்சில் பார்சல் சீட்டு எழுதும் வேலை.

பன்னிரண்டு வருடமாக இந்த அறையைப் பார்த்துக்கொள்கிறேன். பார்சல் சீட்டு எழுதுகிறவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் என் கையெழுத்து மோசம்.

ஜூலை 3, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. தூக்க நான்கு பேர். கூடவே மதுரையிலிருந்து ஷாஹிதா என்று ஒரு இன்ஜினியர், இருபத்தாறு வயது. இந்தப் பெண்ணா என்று முதலில் நினைத்தேன். பதினைந்து நிமிடத்தில் நினைப்பை மாற்றிக்கொண்டேன். மதியம் என் டப்பாவிலிருந்து கத்திரிக்காய்க் கூட்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, நாளைக்கும் இதே கொண்டு வாங்க" என்றாள்.

அண்ணாச்சி உள்ளே வந்து, "இது என்னத்துக்கு, அதை எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா" என்றார். நம் பாஷையில் சொன்னேன்.

"அண்ணாச்சி, நம்மகிட்ட ரெண்டு பெரிய சர்வர் இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஏழெட்டு சின்ன சர்வர் குடியிருக்கு. எல்லாம் சாப்ட்வேர்ல கட்டுன குடித்தனம். டிசைனுக்கு ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு. இதுவரைக்கும் ஒவ்வொரு சர்வரும் தன்னோட டிஸ்க்கைத் தன் வயித்துக்குள்ளயே வச்சிருந்துச்சு. ஒவ்வொரு மிஷினும் தன் பேப்பரைத் தன் உள்ளயே அடுக்கி வச்சிருந்தா எப்படி இருக்கும்? மிஷின் கெட்டா பேப்பரும் உள்ள மாட்டிக்கிடும்ல."

"அதான் குடோன் வச்சிருக்கோமே."

"இதுவும் குடோன்தான் அண்ணாச்சி. நெட்வொர்க் கேபிள்தான் ரோடு. சர்வர் 'மீனாட்சி படம் குடு'ன்னு கேக்காது. நாப்பத்தெட்டாயிரத்து எரநூத்துப் பதிமூணாவது அறையில இருக்கிறதைக் குடுன்னு கேக்கும். பெட்டி எடுத்துக் குடுக்கும். அது படமா பில்லான்னு பெட்டிக்குத் தெரியாது. சர்வருக்கும் டிஸ்க் தூரத்துல இருக்கிறது தெரியாது, இன்னும் தன் வயித்துலதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கும். ஒரு சர்வர் செத்தா அதுல இருந்த குடித்தனத்தை இன்னொரு சர்வர் எடுத்து நடத்தும். சரக்கு குடோன்ல பத்திரமா இருக்கும்."

"ரயில்வே கேட் போட்டா?"

எங்கள் பேப்பர் குடோன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டால் லாரி அரைமணி நேரம் நிற்கும். அண்ணாச்சிக்கு வாழ்நாள் வருத்தம் அது.

"அதுக்குத்தான் ரெண்டு ரோடு. கேபிள் எல்லாம் போய்ச் சேர மேல ஒரு ஸ்விட்ச் பெட்டி, கீழ ஒரு ஸ்விட்ச் பெட்டி. ஒவ்வொரு சர்வர்லருந்தும் மேல ஒரு கேபிள், கீழ ஒரு கேபிள். ஒண்ணு போனா இன்னொண்ணு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வெள்ளாட்டைத் தடவுவது போல ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

ஜூலை 7, திங்கள்

வீட்டில் எட்டு நாளைக்கு அப்புறம் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, இட்லிச் சட்டி வரை நிரப்பிவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போனேன்.

டிசைன் பிரிவின் கோப்புகள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்க வேண்டியிருந்தது. பேச்சிமுத்து அண்ணனை அனுப்பினேன். ஐம்பத்திரண்டு வயது, டீ வாங்குவதிலிருந்து புரூப் கொண்டுபோவது வரை எல்லாம் அவர்தான். டிசைன் ஹால் என் அறைக்கு அடுத்த அறை, நடுவில் கண்ணாடி. கையை ஆட்டினால் தெரியும். ஆனாலும் பேச்சிமுத்து அண்ணன்தான் போய் வருவார்.

போனார், வந்தார். "பதினாலு டெரான்னு சிஸ்டம் மேடத்துகிட்டச் சொல்லச் சொன்னாக."

"வருசத்துக்கு எவ்வளவு கூடும்னு கேளுங்கண்ணே."

போனார், வந்தார். "மூணு. அப்புறம், தான் வைக்கிற எடத்துல வச்சா பத்திரமா இருக்குமான்னு கேக்கச் சொன்னாக."

"இருக்கும்னு சொல்லுங்க."

அவர் போகவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யம்மா, நடுவுல ஒரு கண்ணாடிதான இருக்கு" என்றார்.

டிசைன் பிரிவின் தலைவி செல்வரதி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பேசிக்கொள்வதில்லை, பதினோரு மாதம் ஆகிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. போன ஆகஸ்டில் ஒரு டிஸ்க் செத்துப்போனது. அதில் அவள் ஒன்பது நாள் வரைந்த மீனாட்சி திருக்கல்யாணம் இருந்தது. சேமிக்க வேண்டிய இடத்தில் அவள் சேமிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

முதல் சர்வர் ஸ்டோரேஜைப் பார்த்துவிட்டது. இரண்டாவது சர்வருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கேபிள் சரி, விளக்கு பச்சை, ஆனால் டிஸ்க் இல்லை என்கிறது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஷாஹிதா போனில் சிரித்தாள். "அக்கா, பெட்டியோட அனுமதிப் பட்டியல்ல ரெண்டாவது சர்வர் பேரைச் சேத்தீங்களா?"

சேர்க்கவில்லை. பெட்டி குடோன் வாட்ச்மேன் மாதிரி, பட்டியலில் பெயர் இல்லாத யாரையும் உள்ளே விடாது. நான்தான் பட்டியல் போடுகிறவள். சேர்த்ததும் ஒரு நொடியில் டிஸ்க் வந்தது.

அலுவலக நோட்டில் "சிறு தாமதம்" என்று எழுதினேன்.

ஜூலை 12, சனி

கேபிள் போட்டு முடித்தாகிவிட்டது. முதல் சர்வருக்கு இரண்டு நீலம், இரண்டாவது சர்வருக்கு இரண்டு சிவப்பு. எந்தக் கேபிள் எந்த சர்வருடையது என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பது என் ஏற்பாடு. மேல் ஸ்விட்சில் ஒரு நீலம், ஒரு சிவப்பு. கீழ் ஸ்விட்சிலும் அதே. இரண்டு ஸ்விட்சையும் சேர்க்க நடுவில் ஒரு குட்டிக் கேபிள். லேபிள் ஒட்டலாம் என்று பார்த்தால் டேப் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை வாங்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். காலை 9.15 முதல் 10.15 வரை நல்ல நேரம் என்று நாங்களே அடித்த நாள்காட்டியில் போட்டிருக்கிறது. நாங்களே அச்சடித்ததை நாங்களே நம்பாமல் இருக்க முடியுமா?

நேற்றே எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தேன். முதலில் ஸ்டோரேஜ், அது முழுக்க எழுந்த பிறகுதான் சர்வர் என்று அண்ணாச்சியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், சந்தனம் வைத்தார். 9.16க்கு மளமளவென்று போய், பெரிதாக இருந்த சர்வரின் பொத்தானை அமுக்கிவிட்டார். "பெரிசுக்குத்தான் மொத மரியாத" என்றார்.

சர்வர் எழுந்தது, குடோனைத் தேடியது, குடோன் இல்லை. உள்ளே குடியிருந்த எட்டுக் குடித்தனமும் காணவில்லை என்று அழகாகப் பட்டியல் போட்டது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, ஸ்டோரேஜைப் போட்டு, ஏழு நிமிடம் காத்திருந்து, சர்வரைப் போட்டேன். மணி 10.09. எட்டுக் குடித்தனமும் வந்து சேர்ந்தன. இன்னும் ஆறு நிமிடம் நல்ல நேரம் மிச்சம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. லேபிள் டேப் வாங்க மறந்தேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று நான் செய்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். டிசைன் சர்வரை, எல்லாரும் அதில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இரண்டாவது பெரிய சர்வரிலிருந்து முதல் சர்வருக்கு மாற்றினேன். டிஸ்க் பொதுக் குடோனில் இருப்பதால் சரக்கை நகர்த்த வேண்டியதில்லை. குடித்தனம் மட்டும் எழுந்து அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பதினெட்டு நொடி.

அந்த நேரம் செல்வரதி முருகனுடைய மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கை நிற்கவே இல்லை. காலுக்குக் கீழே வீடு மாறியது அவளுக்குத் தெரியாது.

அவள் வலது மணிக்கட்டில் இன்னும் அந்தப் பட்டை இருக்கிறது. போன வருடம் அந்தத் திருக்கல்யாணத்தை நான்கு நாளில் மறுபடி வரைந்தாள். அப்போது வந்த வலி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிக்கொண்டு போனேன். சந்தோஷமாகத்தான் தள்ளினேன்.

ஜூலை 24, வியாழன்

பேச்சிமுத்து அண்ணன் மூன்று நாள் விடுப்பு. பேத்திக்குக் காது குத்து.

முதல் நாளே ஊர் நின்றுபோனது. ஆல்பத்துக்கான கடைசி நாற்பது படங்களை எந்தப் பகுதியில் வைப்பது என்று டிசைன் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். செல்வரதி யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தாள். சாயங்காலம் வரை ஒரு படம்கூட நகரவில்லை. ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும். ஊரில் எல்லா அச்சகமும் அன்றுதான் வெளியிடும். தவறவிட்டால் ஏஜென்ட்டுகள் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடுவார்கள்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். அவள் பதில் எழுதி அந்தப் பக்கம் ஒட்டினாள். அவள் கையெழுத்து எவ்வளவு அழகு என்பதே மறந்துபோயிருந்தது.

எல்லாவற்றுக்கும் இரண்டு பாதை போட்ட எனக்கு, அடுத்த அறைக்கு ஒரே பாதைதான். அதற்கும் பேத்தி காது குத்து.

நேர்மையாக ஒன்று எழுதி வைக்கிறேன். போன வருடம் செல்வரதி சேமித்த இடம் தவறு என்று சொன்னேன் அல்லவா? அது அவ்வளவு தவறான இடம் என்று சொல்ல முடியாது. அங்கேயும் தினமும் தானாகவே பேக்கப் நகல் எடுத்திருக்க வேண்டும். ஏதோ காரணத்தால் எடுக்கவில்லை. மிஷின் சமாசாரம்.

ஜூலை 28, திங்கள்

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பெயர் வருண்பிரகாஷ். நல்ல சட்டை. என் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து உட்கார்ந்து பார்த்தார். அவர் போனதும் நாற்காலியைப் பழைய உயரத்துக்கு வைத்தேன்.

லேபிள் டேப் வாங்கினேன். அகலம் சரியில்லை.

ஜூலை 31, வியாழன்

நாளை சோதனை. அண்ணாச்சி உத்தரவு, அச்சகம் முழுக்கச் சுத்தம். மதியம் வரை குடோனில் பழைய கம்ப்யூட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அறைக்குத் திரும்பினால் தரை பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலம்.

சர்வர் அறையில் கோலமா என்று கொதித்துப் போய்க் குனிந்து தொட்டேன். மாவு இல்லை, நனைத்த சாக்பீஸ். காய்ந்து ஒட்டியிருந்தது, விரலில் ஒரு துகள் வரவில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், கோலமாவு பறந்து மிஷினுக்குள் போகும் என்று ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவள் அதை மறக்கவில்லை.

அழிக்கவில்லை. தாண்டித்தான் போனேன்.

பதினொன்றரை வாக்கில் ஸ்டோரேஜிலிருந்து நான்கு மெயில் வந்திருந்தன. துடைக்கும்போது யாராவது கேபிளை இடித்திருப்பார்கள். இப்போது எல்லா விளக்கும் பச்சை, நான்கு பாதையும் சரி என்கிறது திரை. கேபிள்கள்கூட இன்று பார்க்க ஒழுங்காக இருக்கிற மாதிரித் தோன்றியது. மெயிலை நாளை திறந்து பார்க்கலாம். தலைவலி.

ஆகஸ்டு 1, வெள்ளி

டைரியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன்.

சோதனையே ஆனாலும் ராகு காலத்தில் வேண்டாம் என்று அண்ணாச்சி பன்னிரண்டு மணி தாண்டித்தான் வந்தார். கூட வருண்பிரகாஷ். அண்ணாச்சி கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோரு பேர் வரைந்துகொண்டிருந்தார்கள்.

டிஸ்க்கைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். விரலை நீட்டி மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்டை மறிக்கிறேன்" என்று மேல் ஸ்விட்சின் மின்சார வயரைப் பிடுங்கினார்.

எனக்குக் கவலையே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். டிசைன் ஹாலிலிருந்து செல்வரதியின் குரல் கேட்டது.

"நின்னுருச்சு."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கையைத் தூக்கினார்கள். வருண்பிரகாஷ் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன். செத்துப்போன மேல் ஸ்விட்சில் இரண்டு கேபிளும் நீலம். கீழ் ஸ்விட்சில் இரண்டும் சிவப்பு. முதல் சர்வருக்குப் போகிற இரண்டு ரோடும் ஒரே கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. பத்து நாளாக டிசைன் குடியிருப்பது அந்த சர்வரில்தான்.

யோசிக்கவில்லை. இரண்டு நீலத்தையும் உருவிக் கீழ் ஸ்விட்சில் செருகினேன். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நூற்றுப் பத்து நொடி என்பது அப்புறம் கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. எனக்கு ஒரு வருடம்.

"வந்துருச்சு" என்றாள். பிறகு, "எதுவும் போகல. விட்ட எடத்துலயே இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "யாரு மாத்துனது?"

எனக்குத் தெரியாது அண்ணாச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை. அதற்குள் கதவருகில் செல்வரதி நின்றிருந்தாள்.

"நான்தான் அண்ணாச்சி மாத்துனேன். நேத்துக் கோலம் போட வந்தேன். நீலமும் சிவப்பும் கலந்து கெடந்துச்சு. நம்ம மிஷின்ல புளூ யூனிட்ல புளூ மை மட்டுந்தான ஓடும், ஒரு சொட்டு ரெட்டு கலந்தா சாமி மூஞ்சியே மாறிப்போகும். யாரோ தெரியாம மாத்திக் குத்திட்டாகன்னு நெனச்சு, நீலத்தை மேலயும் செவப்பைக் கீழயும் குத்தினேன். ஒண்ணொண்ணாத்தான் உருவுனேன், எதுவும் நிக்கல. அதான் சரின்னு விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

அவ்வளவுதான். இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் ஆனது.

ஒவ்வொன்றாக உருவியதால்தான் நிற்கவில்லை. மற்ற பாதை தாங்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பெட்டி எனக்கு மெயில் போட்டிருக்கிறது. பாதை போனது, வந்தது, போனது, வந்தது. நான்கு மெயில். எந்தக் கேபிள் எங்கே போனது என்பதுகூட அதில் இருக்கும்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேல" என்றேன். "லேபிள் ஒட்டல. நேத்தே நாலு மெயில் வந்துச்சு, தொறக்கல. போன வருசமும் இதே கததான். பேக்கப் ஓடலன்னு தினம் ஒண்ணா பதினாறு எச்சரிக்க வந்துச்சு. ஒண்ணைக்கூட தொறந்து பாக்கல. செல்வரதி சரியான எடத்துலதான் வச்சிருந்தா. தப்பான எடம்னு நான் சொன்னது பொய்."

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்டச் சொல்லு."

திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. கோலம் மட்டும் இருந்தது.

அண்ணாச்சி வருண்பிரகாஷைப் பார்த்தார். "தம்பி, ஒங்க கம்பெனில தப்பு நடந்தா இப்படி ஒத்துக்கிடுவாங்களா?"

"எங்ககிட்ட தப்பே நடக்காது சார்."

"முப்பது வருசமா மிஷின் ஓட்டுறேன். தப்பே நடக்காத மிஷின நான் பாத்ததில்ல" என்றார் அண்ணாச்சி. "நீங்க டீ சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

பிறகு எனக்கு அரைமணி நேரம் கொடுத்தார். கேபிளை மாற்றி, அகலம் சரியில்லாத டேப்பிலேயே லேபிள் ஒட்டினேன். மேல் ஸ்விட்சை அணைத்தார். யாரும் நிற்கவில்லை. போட்டுவிட்டுக் கீழ் ஸ்விட்சை அணைத்தார். யாரும் நிற்கவில்லை. ஆசை விடாமல் இரண்டாவது சர்வரின் பொத்தானையே அமுக்கி அணைத்தார். பில் போடுகிற பெண் மட்டும் இரண்டு நிமிடம் கத்தினாள். அதற்குள் அந்தக் குடித்தனம் முதல் சர்வரில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்தார். "பாஸ். ஆனா நாளையிலருந்து அந்த எச்சரிக்க மெயிலு செல்வரதிக்கும் போகணும்" என்றார். அந்த இடத்திலேயே அவள் முகவரியையும் சேர்த்தேன்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். வந்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தோம்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு தெரியுமா" என்றாள். "நான்தான் தப்பான எடத்துல வச்சனோன்னு. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னால மூணு எடத்துல காப்பி பண்ணி வைப்பேன். பைத்தியம் மாதிரி."

மன்னிப்புக் கேட்டேன். எழுதினால் இரண்டு சொல். சொல்ல எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன். கோவம் இருக்கு" என்று வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "அந்த நீலத்தையும் செவப்பையும் வச்சது யாரு? நீயா? கலர்ல ஒனக்கு என்னைக்குத்தான் அறிவு இருந்துச்சு."

வீட்டில் தண்ணீர் வந்திருந்தது. பிடிக்க மறந்துவிட்டேன். பரவாயில்லை.

ஆகஸ்டு 2, சனி

காலை ஏழு மணிக்கே பேச்சிமுத்து அண்ணன் வந்து, "டிசைன் மேடம் சொல்லச் சொன்னாக. அவுகளுக்கு மெயில் வந்திருக்காம். அஞ்சாவது டிஸ்க்கு சூடாயிருக்குன்னு. நீங்க பாத்தீகளான்னு கேட்டாக" என்றார்.

பார்க்கவில்லை. அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிக்கு முன்னால் யாரோ பூமாலையைத் தொங்கவிட்டுக் காற்று போகிற வழியை அடைத்திருக்கிறார்கள். மாலையை எடுத்துக் கதவில் மாட்டினேன். டிஸ்க் குளிர்ந்தது.

"பாத்தாச்சுன்னு சொல்லுங்க. தேங்க்ஸும் சொல்லுங்கண்ணே."

"அத நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆல்பம் வெளியானது. ஏஜென்ட்டுகள் சேலம், தஞ்சாவூர், பெங்களூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஷாஹிதாவும் பார்க்க வந்தாள். கத்திரிக்காய்க் கூட்டு எங்கே என்று கேட்டாள். பந்தியில் இரண்டாம் தடவை உட்கார வைத்தேன்.

முதல் பக்கத்தில் செல்வரதி வரைந்த முருகன். மயில் தோகை அந்தப் பதினெட்டு நொடியில் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். இடது பக்கம் மூன்றாவது கண். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து, "செம்பா, மை காயல, கைய எடு" என்று குரல்.

என் பெயர் செண்பகம். செம்பா என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். கையை எடுத்தேன். மை காய்ந்துதான் இருந்தது.

அந்தத் தோகையைப் பற்றி அவளிடம் சொன்னேன். காலுக்குக் கீழே வீடு மாறிய கதையை. நம்பவில்லை. நாளை மறுபடி செய்து காட்டச் சொன்னாள்.

ஆகஸ்டு 4, திங்கள்

செய்து காட்டினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் அவளே பொத்தானை அமுக்கினாள். அப்புறம் என் லேபிள்களைப் பார்த்துச் சகிக்காமல் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். மணிக்கட்டுக்கு வைத்தியரிடம் போக வேண்டும், புதன்கிழமை நான் வண்டி ஓட்டுகிறேன் என்று பேசி முடிவானது.

பேச்சிமுத்து அண்ணன் இன்று விடுப்பாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு டெஸ்பாட்சில் யாரோ சொல்லித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.